செவலையைக் கட்டியே வை

தொண்டாமுத்தூர்
20.1.2025

அம்மணி புவனாவுக்கு, அப்பன் அப்புசாமி சொல்லச் சொல்ல எழுதியது.

இங்கே நானும் மாடு கன்றும் சுகம். நீயும் மாப்பிள்ளை கிருபாசங்கரும் நீங்கள் ஏறிப்போன ஓடும் வீடும் சுகமாக இருக்க மாரியாத்தா துணை. உன் அம்மா படத்துக்கு நீ போட்டுவிட்டுப் போன மாலை இன்னும் வாடவில்லை என்றேன். பிளாஸ்டிக் மாலை வாடாது என்று செவ்வந்தி சொல்கிறாள். எனக்கு இப்போதுதான் தெரியும்.

போனில் நீ பேசினால் குடத்துக்குள் வண்டு கத்துகிற மாதிரி இருக்கிறது. செவ்வந்தி காதருகே குனிந்து வாசித்தால் ஒவ்வொரு சொல்லும் விழுகிறது. அதனால் கடிதமே போடு. எழுத்துத் தெரியாதவனுக்குக் கடிதம் எதற்கென்று மாப்பிள்ளை சிரிப்பார். எனக்கு ஒருமுறை கேட்டால் போதும். நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு யார் யார் வந்தார்கள், யார் கையில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன்.

செவ்வந்தி ரேஷன் கடை வேலை முடிந்து சாயங்காலம் வருகிறாள். நம்மிடம் வேலை பார்த்த அவள் அப்பன் கருப்புசாமியை யானை மிதித்துக் கொன்றதிலிருந்து தாய்க்காரி பாவாத்தாள் நம் தோட்டத்துப் பக்கம் வருவதில்லை. மகள் மட்டும் எனக்கு எழுதிக் கொடுக்க வருகிறாள்.

மாப்பிள்ளைக்கு நெஞ்சில் கம்பி வைத்தாயிற்று, சிங்காநல்லூர் மோட்டார் பட்டறையையும் விற்றாயிற்று. கரூரில் பாடி கட்டிய வேனில் கட்டிலும் அடுப்பும் வைத்துக்கொண்டு ஆறு மாதம் சுற்றுகிறோம் என்றால் சுற்றுங்கள். உங்கள் பிஸ்கட் மடியில் படுக்கிற நாய். என் செவலை அப்படி இல்லை. வண்டிக்குக் காவல் வேண்டும் என்று மாப்பிள்ளை கேட்டார். கடலோரமாகத்தான் போகிறோம் என்றார். அதனால் கொடுத்தேன். அதைக் கட்டியே வை. வண்டிக்குள் இருந்தாலும் சங்கிலி இருக்கட்டும்.

மாப்பிள்ளைக்கு மாத்திரை தவறக் கூடாது.

கைநாட்டு வைத்த உன் அப்பன்.


தரங்கம்பாடி
5.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் நாய்கள் இரண்டும் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா, இல்லை செவ்வந்தியிடம் கொடுத்ததாகச் சொல்லி எழுதச் சொல்வீர்களா?

போகிற ஊரிலெல்லாம் வண்டியைச் சுற்றிக் கூட்டம்தான். வேளாங்கண்ணியில் ஒரு அம்மா இது கண் பரிசோதனை வண்டி என்று நினைத்துக் கதவருகே வந்து வரிசை பிடித்துவிட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். வந்தவர்களைச் சும்மா அனுப்ப மனமில்லாமல் கிருபா எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். பட்டறையில் இருபது வருஷம் சிரிக்காத மனிதர் இப்போது சிரிக்கிறார் அப்பா. காலையில் அவர் மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் எழுகிறேன்.

செவலை முதல் இரண்டு நாள் ஊளையிட்டான். பாவமென்று கிருபா மணலில் அவிழ்த்துவிட்டார். நண்டைத் துரத்திக்கொண்டு போனான். அது கொடுக்கைத் தூக்கியதுதான் தாமதம், திரும்பி ஓடி வந்து கிருபாவின் காலுக்குப் பின்னால் நின்றுகொண்டான். “உங்கப்பா காவலுக்குன்னு குடுத்தாரு அம்மணி, இது எம்பொறவுக்கு ஒளியுது” என்று ஒரே சிரிப்பு.

ஒன்று கேட்கிறேன். கருப்புசாமி அண்ணன் இருந்தவரை சங்கிலியே பார்க்காமல் திரிந்தவன் இவன். அண்ணன் போன மறுநாளிலிருந்து ஏன் கட்டி வைத்தீர்கள்?

அடுத்த கடிதத்தை ராமநாதபுரம் பெரிய தபாலாபீசுக்கு என் பேர் போட்டு அனுப்புங்கள். போய் வாங்கிக்கொள்கிறேன்.

புவனா.


தொண்டாமுத்தூர்
14.2.2025

அம்மணிக்கு,

நான் சுகம். ஒத்தடம் கொடுக்கவில்லை.

உன் கடிதத்தைச் செவ்வந்தி வாசித்தாள். கடைசியில் நீ கேட்டிருந்த இடத்தில் நின்று, “ஆமாங்கய்யா, எதுக்குக் கட்டி வெச்சீங்க?” என்று அவளும் கேட்டாள்.

கடிக்கும் என்றேன். உனக்கும் அதுதான் பதில். மணலிலும் அவிழ்க்க வேண்டாம். இந்த மாதம் வாழைக்குள் இரண்டு முறை யானை வந்துபோனது. வேறு விசேஷம் இல்லை.

அப்பன்.


ராமநாதபுரம்
12.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள் போட்டது கடிதமா, தந்தியா? செவ்வந்திக்குக் கை வலித்ததா, உங்களுக்கு வாய் வலித்ததா?

செவலை இதுவரை ஒரு ஈயைக்கூடக் கடிக்கவில்லை. கிருபா எங்கே போனாலும் குதிகாலை ஒட்டியே நடக்கிறான். தட்டில் மீதம் வைக்கும் சோறு இப்போது அவனுக்குத்தான்.

இங்கே வெயில் தாங்கவில்லை. தகரப் பெட்டிக்குள் இருக்கிற மாதிரி இருக்கிறது. பிஸ்கட் நாக்கைத் தொங்கப்போட்டு ஈரத்துணியிலேயே படுத்துக் கிடக்கிறாள். கிருபாவுக்கும் படபடப்பு வந்தது. பயப்பட வேண்டாம், டாக்டரிடம் காட்டியாயிற்று. குளிர்ந்த இடத்துக்குப் போகச் சொன்னார். தாளவாடியில் வேங்கடசாமி என்று கிருபாவிடம் மோட்டார் வாங்கியவர் இருக்கிறார். மலைமேல் தோட்டம். தென்னைக்கு நடுவே வண்டியை நிறுத்திக்கொள்ளுங்கள், எத்தனை மாதம் வேண்டுமானாலும் இருங்கள் என்கிறார். மாதக் கடைசியில் அங்கே போகிறோம்.

காட்டை ஒட்டிய இடம், யானை வருமாம். நம்மிடம்தான் செவலை இருக்கிறானே, வந்தால் சொல்லிவிடுவான் என்று கிருபா தைரியமாக இருக்கிறார். வேங்கடசாமி வீட்டு முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். பதிலை அங்கேயே போடுங்கள்.

புவனா.


தொண்டாமுத்தூர்
18.3.2025

அம்மணிக்கு,

தாளவாடிக்குப் போக வேண்டாம். இதைத்தான் முதலில் எழுதச் சொன்னேன். சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

நேற்று மாரியாத்தா கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டேன். வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி ஆத்தா காலடியில் போட்டு எடுக்கச் சொன்னேன். மூன்று முறையும் சிவப்பே வந்தது. உன் கல்யாணத்துக்குக் கேட்டபோது வெள்ளை வந்தது, நல்லபடியாக நடந்தது. சிவப்பு வந்து மீறினவர்கள் பட்டதையும் பார்த்திருக்கிறேன். மலை வேண்டாம். குளிர்ச்சி வேண்டுமென்றால் நம் ஊருக்கு வாருங்கள். அதற்கும் மனமில்லை என்றால், நாயையாவது அங்கே கொண்டுபோகாதே. வழியில் யாருக்காவது கொடுத்துவிடு.

உன் அம்மா இருந்தால் அவள் சொல்லைக் கேட்பாய். என் சொல்லைக் கேள்.

அப்பன்.

அக்கா, இது ஐயாவுக்குத் தெரியாமல் நான் சேர்க்கிறேன். ஐயா கோயிலுக்குப் போகவில்லை. முழங்கால் வீங்கி நாலு நாளாக வீட்டை விட்டு இறங்கவில்லை. தனியாக இருக்க முடியாமல் உங்களை வரவழைக்கப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். முடிந்தால் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போங்கள். செவ்வந்தி.


தாளவாடி
2.4.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே வந்து மூன்று நாள் ஆகிறது. எல்லோரும் நலம். கிருபாவின் படபடப்பு மலை ஏறியதுமே நின்றுவிட்டது. கோபப்படாதீர்கள். பூ விஷயம் எனக்குத் தெரியும், யார் சொன்னார்கள் என்று கேட்க வேண்டாம். எங்களைப் பார்க்க ஆசையாக இருந்தால் வா என்று சொன்னால் போதும், அதற்கு ஆத்தாவை இழுக்க வேண்டுமா? ஊர் நோம்பித் திருவிழாவுக்குக் கட்டாயம் வருகிறோம்.

காலையிலும் சாயங்காலமும் கிருபா ஓடை வரைக்கும் நடக்கிறார். செவலையும் கூடவே போகிறான். இங்கே அவனைக் கட்டுவதே இல்லை. நேற்று வேலிக்கு வெளியே ஒரு யானை நின்றதாம். இவன் போய்க் குரைத்தானாம். அது காதை விரித்ததும் ஒரே ஓட்டமாகத் திரும்பி கிருபாவின் காலுக்குள் வந்து புகுந்துகொண்டானாம். நல்லவேளையாக அது பின்னால் வரவில்லை. கிருபா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். வேங்கடசாமி மட்டும் சிரிக்கவில்லை. அவர் சுபாவம் அப்படி.

புவனா.


தொண்டாமுத்தூர்
11.4.2025

அம்மணிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. செவ்வந்தி மூன்று சாயங்காலமும் பேனாவோடு வந்து உட்கார்ந்தாள். நாளைக்கு என்று சொல்லி அனுப்பினேன். அந்த மூன்று நாளும் மாப்பிள்ளை ஓடைக்குப் போயிருப்பார்.

எழுதத் தெரிந்தவனாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு எழுதி அனுப்பியிருப்பேன். எனக்கு எதையும் ஒரு ஆளிடம் வாய்விட்டுச் சொன்னால்தான் கடிதம். வேறு யாரிடம் போய்ச் சொன்னாலும் அது மறுநாள் இவள் காதுக்கு வந்துவிடும். அதற்கு இவளிடமே சொல்வது மேல். செவ்வந்தி, கையை நிறுத்தாமல் எழுது.

2023 கார்த்திகை பதினெட்டு, திங்கட்கிழமை. பால் கறந்து முடித்த நேரம், கிழக்கே வெளுத்துவிட்டது. நான் மோட்டார் ரூம் வாசலில் நின்றேன். இரண்டு பக்கமும் கம்பி வேலி போட்ட நம் இட்டேரிப் பாதையில் கருப்புசாமி பால்கேனைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தான். வாழைக்குள் ஒற்றை யானை நின்றது எங்கள் இருவருக்கும் தெரியாது. செவலைக்குத் தெரிந்தது. போய்க் குரைத்தது. யானை திரும்பியது. வேறு நாயாக இருந்தால் எங்கேயாவது ஓடி ஒளியும். இது குட்டியிலிருந்தே, பயந்தால் மனிதன் காலடிக்குத்தான் ஓடி வரும். வந்தது. யானை அதன் பின்னால் வந்தது.

நாய் என்னைத் தாண்டித்தான் இட்டேரிக்குள் போக வேண்டும். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் போனது. செவலை என்று ஒரு சொல் கூப்பிட்டிருந்தால் என்னிடம் வந்திருக்கும். அதனால்தான் கூப்பிடவில்லை. மோட்டார் ரூமுக்குள் போய்த் தாழ் போட்டேன். நாய் கருப்புசாமியிடம் போய்விட்டது, யானையும் பின்னாலேயே போனது.

விசாரிக்க வந்த அதிகாரி, ஆள் குடித்திருந்தானா என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. ஆடி மாதத்திலிருந்தே அவன் குடியைத் தொடவில்லை என்று எனக்குத் தெரியும். நாயைக் கொன்றால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் கட்டி வைத்தேன். கடலோரத்தில் யானை இல்லை என்று உன்னிடம் கொடுத்தேன்.

இந்த இடத்தில் செவ்வந்தி பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனாள். போய்விட்டாள் என்று நினைத்தேன். வாசலில் நின்று போனில் பேசினாள். எனக்குக் கேட்கவில்லை, வாய் அசைவது தெரிந்தது. திரும்பி வந்து என் காதருகே குனிந்தாள்.

“அக்காகிட்டச் சொல்லிப்போட்டேனுங்க. நாயைக் கட்டச் சொல்லிப்போட்டேன். மீதியைச் சொல்லுங்க.”

மீதி ஒன்றும் இல்லை என்றேன்.

“இருக்குதுங்கய்யா. இதை ஊரு முன்னால படிக்கோணும். எங்கப்பன் குடிச்சுப்போட்டுப் போனான்னு சொன்ன அத்தன பேரு காதுலயும் உழுகோணும். சரின்னு எழுதிக்கட்டுங்களா?”

சரி.

அப்பன்.

அக்கா, பூக் கேட்டது பொய் என்று நான் எழுதாமல் இருந்திருந்தால் நீங்கள் மலைக்குப் போயிருக்க மாட்டீர்கள். அது என் தப்பு. இந்தக் கடிதத்தை இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன், ஒன்று என்னிடம் இருக்கும். இனி நான் எழுத வரமாட்டேன். செவ்வந்தி.


தாளவாடி
19.4.2025

அப்பாவுக்கு,

கிருபா நலம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

செவ்வந்தி பேசியபோது அவரும் செவலையும் ஓடைக்குப் போயிருந்தார்கள். சங்கிலியை எடுத்துக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினேன். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் நாள் சாயங்காலம், வண்டிக்கு முப்பதடி தள்ளி இருக்கும் பலாமரத்துக்கு யானை வந்தது. நான் வண்டிக்குள் இருந்தேன். கிருபா தண்ணீர்க் குழாயடியில் நின்றார். செவலையை வண்டிக்குள் சீட்டுக் காலில் கட்டியிருந்தோம். குரைத்தான். யானை நிமிர்ந்து பார்த்ததும் குரைப்பதை விட்டுவிட்டு இழுக்க ஆரம்பித்தான். இரும்புச் சீட்டுக் கால் வளைந்துவிட்டது. அவன் இழுத்தது குழாயடிப் பக்கம்.

யானை தின்றுவிட்டுப் போய்விட்டது. கிருபா உள்ளே வந்து வளைந்த காலைத் தடவிப் பார்த்தார். பிறகு, “இது மாமாவுக்கு முன்னாலயே தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்றேன்.

செவ்வந்தியிடம் சொல்ல முடியாமல் இருந்தது புரிகிறது. என்னிடம் சொல்ல என்ன தடை? தைப்பொங்கல் முடிந்து சங்கிலியை என் கையில் கொடுத்தீர்களே, அப்போது செவ்வந்தி அங்கே இல்லை. நீங்களும் நானும்தான் நின்றோம். என் காது நன்றாகக் கேட்கும் அப்பா.

நோம்பிக்கு வரவில்லை. செவலையை என்ன செய்வதென்று தெரியவில்லை. வேங்கடசாமி வேண்டாம் என்கிறார். கிருபா சோறு வைக்கிறார், ஆனால் தொடுவதில்லை.

புவனா.


தொண்டாமுத்தூர்
6.5.2025

அம்மணிக்கு,

கையெழுத்து மாறியிருக்கும். இதை எழுதுவது நம் தபாலாபீசில் இருக்கும் யாஸ்மின். உன் கடிதம் பன்னிரண்டு நாள் என் தலையணைக்கு அடியில் பிரிக்காமல் கிடந்தது. வாசிக்க ஆள் இல்லை. பிறகு நானே கோல் ஊன்றித் தபாலாபீசுக்கு வந்தேன்.

என்னிடம் சொல்ல என்ன தடை என்று கேட்டிருந்தாய். அன்றைக்கு மோட்டார் ரூமுக்குள் போய்த் தாழ் போட்டவன் இன்னும் வெளியே வரவில்லை என்று வைத்துக்கொள்.

போன வாரத்து ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் ஊர் கூடியது. செவ்வந்திதான் படித்தாள். நான் நடுவில் நின்றேன். எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆனால் எந்த இடத்தைப் படிக்கிறாள் என்று அவர்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. முடித்ததும் நம் பங்காளிகளில் ஒருவர், மண்ணுக்குப் போனவனை எதற்குத் தோண்டுகிறீர்கள் என்று என்னைத்தான் திட்டினாராம்.

பாவாத்தாள் எழுந்து என் எதிரே வந்து நின்றாள். அவள் சொன்னதைப் பக்கத்தில் நின்ற யாஸ்மின் அப்படியே என் காதில் சொன்னாள்.

“நீங்க கூப்புட்டிருந்தாலும் அது உங்ககிட்ட வந்திருக்காதுங்க. எங்கூட்டுக்காரரு வட்டல்ல சோறு தின்ன நாயி. அவருகிட்டத்தான் போயிருக்கும். அதைக் கொண்டாரச் சொல்லுங்க. எங்கூட்ல இருந்துட்டுப் போகுது.”

அவள் வீடு ஊருக்கு நடுவில், காடு எட்டாத இடம். கொண்டு வந்து விட்டுவிடு. கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்காது என்று அவள் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஒன்பது நாளாகச் சோறு இறங்குகிறது.

மாப்பிள்ளையிடம் மாத்திரை தவறக் கூடாது என்று மட்டும் சொல்.

அப்பன்.


தாளவாடி
15.5.2025

அப்பாவுக்கு,

இருபத்தைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை செவலையைக் கொண்டு வருகிறோம். பாவாத்தாள் அக்கா வீட்டு முன்னால் வண்டியை நிறுத்துவோம். அங்கிருந்து அப்படியே மேட்டுப்பாளையம் போகிறோம். நம் வீட்டுக்கு வருவதைப் பற்றிக் கிருபா எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முழங்காலுக்குத் தைலம் வாங்கியிருக்கிறேன். யாஸ்மினிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். தேய்த்துக்கொள்ளுங்கள்.

புவனா.


தொண்டாமுத்தூர்
2.6.2025

அம்மணிக்கு,

தைலம் வந்தது. தேய்த்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு நீங்கள் வந்தபோது நான் கோயில் மூலையில் நின்றுகொண்டிருந்தேன். நீ பார்க்கவில்லை. பார்த்தாயோ என்னவோ. நீ சங்கிலியைப் பாவாத்தாள் கையில் கொடுத்தாய். மாப்பிள்ளை வண்டியை விட்டு இறங்கவில்லை. இளைத்திருக்கிறார். பிஸ்கட் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு பார்த்தது.

இன்று காலையில் தபாலாபீசுக்கு வரும் வழியில் பாவாத்தாள் வீடு தெரிந்தது. நூறு அடி இருக்கும். வாசலில் கருப்புசாமியின் வட்டலில் சோறு போட்டிருந்தாள். செவலை தின்றுகொண்டிருந்தது. சங்கிலி இல்லை. அவள் உள்ளே போய்விட்டாள். தெருவில் யாரும் இல்லை.

சும்மா போயிருக்கலாம். என்னால் முடியவில்லை. அன்றைக்குக் கூப்பிடாத சொல்லை இன்றைக்குக் கூப்பிட்டேன். பெரிய சத்தம்கூட இல்லை.

சோற்றை விட்டுவிட்டு ஓடி வந்தது அம்மணி. நூறு அடியும் ஓடி வந்து என் காலடியில் நின்றது.

போ என்றேன். திரும்பிப் போய்த் தின்றது. யாரும் பார்க்கவில்லை. பாவாத்தாள் சொன்ன சொல்லை வைத்துக்கொண்டு மீதி நாளைத் தள்ளிவிடலாம், நான் சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. இதைச் சொல்லும்போது யாஸ்மின் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது தாயே என்கிறேன்.

இவள் உறை ஒட்டியதும் நான் ரேஷன் கடைக்குப் போகிறேன். மதியம் செவ்வந்தி கடையைச் சாத்துகிற நேரம். அவள் முகம் கொடுப்பாளோ மாட்டாளோ, இதற்குக் கடிதம் வேண்டாம். நேரிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

நீங்கள் இருவரும் எங்கே இருந்தாலும் சுகமாக இருங்கள்.

கைநாட்டு வைத்த
உன் அப்பன்.